ஒரே வயிற்றுப் பிள்ளைகள். காக்காவுக்கு இல்லாத படபடப்பு எனக்கு மட்டும் ஏன்?

கீழக்கரை_இளையவன்

எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும்.

எங்கள் வாப்பா சங்கு குளித்தவர். காக்காவும், அதாவது அண்ணனும், குளியாள்தான். கண்ணாடியை மாட்டி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஐந்து பாகம், ஆறு பாகம் ஆழம் போய்வருவார் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்). சங்கோடு மேலே வந்து வத்தையை, அந்தச் சின்னப் படகைப் பிடித்த கையோடு, மேலே இருப்பவனிடம் முந்தாநாள் கணக்கைப் பேச ஆரம்பித்துவிடுவார். நான் அவருக்கு நேர் இளையவன். பஜாரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் வாப்பா என்னையும் இறக்கிப் பார்த்தார். இரண்டு பாகம் போவதற்குள் நெஞ்சு அடைக்கும், உதறிக்கொண்டு மேலே வந்துவிடுவேன். இவனுக்குக் கடல் எழுதவில்லை என்று விட்டுவிட்டார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கும்போது என் கை நடுங்கியதே கிடையாது.

இப்போது அதே நெஞ்சடைப்பு தரையிலேயே வருகிறது. பாம்பன் பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டு நின்றால் வருகிறது. ஜும்ஆவில் நடு வரிசையில் நின்றால், சட்டென்று வெளியே போக வழியில்லையே என்ற நினைப்பிலேயே வருகிறது. ஒரு நாள் நல்ல தூக்கத்தில் வந்து எழுப்பிவிட்டது. படபடப்பு, வாய் உலர்ந்து போதல், விரல் நுனியெல்லாம் மரத்துப்போதல், வயிற்றைக் கலக்குதல், எல்லாம் ஒரே நேரத்தில். மாரடைப்பு என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ஈசிஜி நார்மல். டாக்டர், "பேனிக் அட்டாக். மூளையில் செரட்டோனின் என்று ஒரு கெமிக்கல் குறைவு" என்றார். தினமும் எஸ்சிடலோபிராம், முதல் சில வாரங்களுக்கு மட்டும் ராத்திரியில் குளோனசெபாம் 0.25 எழுதிக் கொடுத்தார்.

என் கேள்விகள் இவைதான். குறைவு என்றால் சர்க்கரை மாதிரி ரத்தத்தில் பார்த்துச் சொல்லலாமே, ஏன் பார்க்கவில்லை? ஒரே உம்மா வயிற்றில் பிறந்து ஒரே சோறு தின்ற காக்காவுக்கு அது குறையவில்லை, எனக்கு மட்டும் எப்படிக் குறைந்தது? காக்கா, "எல்லாம் வெறும் பயம், மனசைத் திடமாக வை" என்கிறார். மாமா, "இந்த மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விடாது" என்கிறார். இரண்டில் எதை நம்புவது?

தொண்டி_ராவுத்தர்

தம்பி, மாத்திரை எல்லாம் மூளையை மழுங்கடிக்கும். ஏர்வாடி தர்காவுக்குப் போய் நாலு வெள்ளிக்கிழமை தங்கு. எல்லாம் இறங்கிவிடும். நம்பிக்கைதான் மருந்து.

தங்கச்சிமடம்_அக்கா

தம்பி, நான் தங்கச்சிமடத்துக்காரி. மதுரையில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. அதனால் உன் மாத்திரையைக் கூட்டு, குறை என்று எதுவும் சொல்லப்போவதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

ரத்தத்தில் பார்ப்பதால் பயனில்லை. உடம்பில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது தட்டணுக்களுக்குள் அடைந்து கிடப்பது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆகையால் ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் மூளையில் நடப்பது அதில் தெரியாது. டாக்டர் "குறைவு" என்றது அளந்து பார்த்துச் சொன்னது இல்லை. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது சுருக்கமாகச் சொல்லும் விளக்கம் அது. எனக்கு அது பிடிப்பதே இல்லை. யோசித்துப் பார்: நீ சாப்பிடும் எஸ்சிடலோபிராம் நரம்பு முனைகளுக்கு இடையில் செரட்டோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடும். வெறும் குறைவுதான் கோளாறு என்றால் அன்று சாயங்காலமே நீ சரியாகியிருக்க வேண்டும். ஆனால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகிறது. முதல் வாரத்தில் சிலருக்குப் படபடப்பு அதிகமாகவும் செய்யும். செரட்டோனின் கூடியதும் அதை வாங்கும் ஏற்பிகளும் சுற்றியுள்ள நரம்பு வலையும் மெதுவாகத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. அந்த மாற்றத்துக்குத்தான் இத்தனை நாள்.

இப்போது காக்கா விஷயம். உன் பதிவைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கார்பன் டை ஆக்சைடு. மூச்சைப் பிடித்தால் நம்மைத் திணறவைப்பது பிராணவாயு குறைவது இல்லை, கரியமில வாயு ஏறுவதுதான். அது ஏறும்போது ரத்தம் கொஞ்சம் அமிலமாகும். மூளைத்தண்டில் உள்ள நரம்பணுக்கள் அதைப் பிடித்து "மூச்சு விடு" என்று விரட்டும். எந்த அளவில் விரட்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். டொனால்ட் கிளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1993-இல் ஒரு கருத்தை வைத்தார்: பேனிக் வருபவர்களுக்கு மூச்சுத்திணறலை எச்சரிக்கும் மணி சீக்கிரமே, ஆபத்தே இல்லாதபோதும் அடித்துவிடுகிறது என்று. 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு இழுப்பு இழுக்கவைத்துச் சோதிப்பார்கள். பேனிக் உள்ளவர்களில் பலருக்கு அந்த இழுப்பிலேயே முழு அட்டாக் வந்துவிடும். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் திணறலோடு போய்விடும். அப்புறம் முக்கியமானது, பேனிக் உள்ளவர்களின் கூடப்பிறந்தவர்கள், பெற்றோர்களில், தங்களுக்கு ஒரு நாளும் அட்டாக் வராதவர்களிடம்கூட இந்த வாயுவுக்கான கூச்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. குடும்பத்தில் இருக்கும், ஆனால் ஒருவரிடம் வெளிப்படும், இன்னொருவரிடம் வெளிப்படாது.

இரண்டு பாகத்தில் நீ மேலே வந்ததையும், பாலத்தில் பஸ் நின்றபோது வந்ததையும் நான் தனித்தனியாகப் பார்க்கமாட்டேன். தூக்கத்தில் வந்ததையும் சேர்த்துத்தான். தூங்குகிறவன் எதை நினைத்துப் பயப்படுவான்? காக்காவிடம் இதைக் கேள்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் எஸ்.எம். என்று மட்டும் ஆய்விதழ்களில் குறிப்பிடப்படும் ஒரு பெண்மணி. ஓர் அரிய நோயால் அவருக்கு மூளையின் இரண்டு பக்கமும் அமிக்டலா அழிந்துவிட்டது. பயத்தோடு அதிகம் சேர்த்துப் பேசப்படும் பகுதி அது. பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார், பேய்வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே போனார், பயமே இல்லை. 2013-இல் அவருக்கும் அதேபோல் பாதிக்கப்பட்ட வேறு இருவருக்கும் இந்த 35 சதவீத வாயுவைக் கொடுத்தார்கள். மூன்று பேரும் அலறிப் பதறிவிட்டார்கள். பாம்புக்குப் பயப்படாத ஆள் மூச்சுக்குப் பயந்தார். அதனால் "கோழை", "தைரியசாலி" என்று ஒரே கோட்டில் ஆட்களை நிறுத்தி வைப்பதற்கு மூளையில் ஆதாரம் இல்லை. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு பாதை, உள்ளேயிருந்து வரும் ஆபத்துக்கு இன்னொரு பாதை.

விரல் மரத்துப்போவது வேறு கதை. அட்டாக்கில் நீ வேகவேகமாக மூச்சு விட்டு, கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியே தள்ளிவிடுகிறாய். அதனால்தான் மரத்துப்போகிறது. பக்கவாதம் என்று நினைத்து இன்னும் பதறாதே.

மாமா சொன்னதில் பாதி சரி. குளோனசெபாம் பென்சோடயசிபைன் வகை. மூளையில் காபா என்று ஒரு கெமிக்கல் இருக்கிறது. நரம்பணுவுக்குள் குளோரைடை விட்டு அதன் துடிப்பை அடக்குவது அதன் வேலை. இந்த வகை மாத்திரை காபாவின் கையை வலுப்படுத்துகிறது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் கேட்கும். மாதக்கணக்கில் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் திருப்பி அடிக்கும். அதனால்தான் உன் டாக்டர் "சில வாரம்" என்று எழுதியிருக்கிறார். எஸ்சிடலோபிராம் அப்படி ஏங்கவைக்கிற ரகம் இல்லை. ஆனாலும் அதையும் டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தொண்டி அண்ணனுக்கு: ஏர்வாடிக்குப் போவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் ஏர்வாடிக்குப் போவார்கள், மனசு ஆறி வருவார்கள். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போ என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் அதே ஊரில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்துவிட்டது. அதைப் பேசாமல் நம் மாவட்டத்தில் மனநோயைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

தொண்டி_ராவுத்தர்

மருந்தை நிறுத்தச் சொன்னது தப்புதான் அம்மா. துஆவும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்.

விசைப்படகு_டிரைவர்

நான் ராமேஸ்வரம். படகில் டிரைவர். இந்தத் தம்பி சொன்ன அத்தனையும் எனக்கும் வரும், ஆனால் கடலில் இருக்கும்போது வராது. இலங்கைக் கடல் எல்லைக்கோடு பக்கம் ராத்திரி தூரத்தில் விளக்கு தெரிந்தால் கூட வந்தவன் எல்லாம் கத்துவான், நான் வலையை இழுப்பதா அறுப்பதா என்று நிதானமாக முடிவெடுப்பேன். கரைக்கு வந்தபின், அதுவும் மீன்பிடித் தடைக்காலம் வந்து ஏப்ரல் 15-க்குப் பிறகு 61 நாள் சும்மா உட்கார்ந்தால்தான் விடியற்காலையில் காரணமே இல்லாமல் உடம்பு உதறும், பயமாக இருக்கும், எழுந்து வாசலில் உட்கார்ந்துவிடுவேன். அதற்கு நான் கண்ட வைத்தியம் ராத்திரி ஒரு குவார்ட்டர். போட்டால் நன்றாக இருக்கிறது, விடியற்காலையில் மறுபடி வருகிறது. இதுவும் கரியமில வாயுவா, சிஸ்டர்?

தங்கச்சிமடம்_அக்கா

இல்லை அண்ணே, இது குவார்ட்டர். நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாராயமும் மேலே சொன்ன அதே காபா வழியில்தான் அமைதிப்படுத்துகிறது. தினமும் வந்து அடக்குவதால், மூளை தன் பங்குக்குக் காபாவின் பேச்சைக் கேட்பதைக் குறைத்துக்கொள்ளும். கிளப்பிவிடுகிற குளூட்டமேட் பக்கத்தைக் கூட்டிவைத்துக்கொள்ளும். விடியற்காலையில் சரக்கு இறங்கியதும் அந்தக் கூட்டிவைத்தது மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, காரணமில்லாத பயம் எல்லாம் அதனால்தான். பயத்துக்கு மருந்து என்று நீங்கள் குடிப்பதே அடுத்த நாள் பயத்தைச் செய்து கொடுக்கிறது. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் வீட்டில் இருந்தபடி நிறுத்தக்கூடாது, வலிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். 14416 என்று டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழில் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

மண்டபம்_பயோகெம்

உயிர்வேதியியல் படிக்கிறேன். "அவனுக்கு மட்டும் ஏன்" என்ற கேள்விக்கு மரபணுப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

1996-இல் லெஷ் என்பவரும் குழுவினரும் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணுவில் நீளம், குட்டை என்று இரண்டு வடிவம் இருப்பதையும், குட்டை வடிவம் உள்ளவர்களுக்குப் பதட்டக் குணம் சற்றுக் கூடுதல் என்பதையும் சொன்னார்கள். உடனே பத்திரிகைகளில் "பதட்ட மரபணு கிடைத்துவிட்டது" என்று எழுதினார்கள். அந்த ஆய்விலேயே ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அது விளக்கியது 3 முதல் 4 சதவீதம்தான். 2019-இல் மனச்சோர்வுக்காக லட்சக்கணக்கானோரின் தரவை எடுத்துப் பார்த்தபோது, இதுபோல் பேர்போன ஒற்றை மரபணுக்கள் எதுவும் தேறவில்லை. இப்போதைய பார்வை, ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்துதான் ஒருவரின் சுபாவம் என்பது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வந்த கணக்கில், பேனிக் நோயில் மரபின் பங்கு சுமார் 43 சதவீதம், பொதுவான பதட்ட நோயில் சுமார் 32 சதவீதம். மீதி எல்லாம் வாழ்க்கை. ஆளுக்கு ஆள் மாறுபடும் மரபணுக்களில் கூடப்பிறந்த இருவருக்குச் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும், ஆக காக்காவும் நீங்களும் வேறாக இருப்பதில் அதிசயம் இல்லை.

அதேசமயம் ஒற்றை மாற்றமே ஆளைப் புரட்டிப்போட்ட அரிய கதையும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஜோ கேமரன் என்ற பெண்மணி. 2019-இல் இவரைப் பற்றிய கட்டுரை வந்தது. உடம்பே தயாரிக்கும் ஆனந்தமைடு என்ற பொருளை உடைக்கும் நொதி அவருக்குச் சரியாக வேலை செய்வதில்லை. வலியும் தெரியாது, பதட்டமும் கிடையாது. பதட்டத்தை அளக்கும் வினாத்தாளில் 21-க்கு 0 வாங்கினார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கை சுட்டுக்கொண்டது தீய்ந்த வாடை வந்தபிறகுதான் அவருக்குத் தெரியுமாம். எனக்கு அந்த வரம் வேண்டாம்.

கீழக்கரை_இளையவன்

அக்கா சொன்னபடி காக்காவிடம் கேட்டேன். வத்தை கரையேறிய பிறகு, வலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "கீழே இருக்கும்போது உங்களுக்கு நெஞ்சு அடைக்காதா?" என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. "அடைக்காமல் எப்படிடா? நெஞ்சு உதைக்க ஆரம்பிக்கும். முதல் உதை வந்ததும் இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரியும். அப்புறம் வேகமாக உதைக்கும், அப்போது திரும்பினால் சரியாக இருக்கும்" என்றார். ஆரம்பத்தில் அவருக்கும் முதல் உதையிலேயே வாய் திறந்துவிடுமாம். வாப்பா கூடவே இறங்கி, தோளைத் தட்டித் தட்டிப் பழக்கினாராம். என்னை வாப்பா அப்படிப் பழக்கவில்லை. அப்போது அவருக்குக் காது ரத்தம் கட்டி இறங்குவதையே நிறுத்தியிருந்தார்.

இப்போது எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. காக்கா பிறப்பிலேயே அப்படியா, இல்லை பழகிப் பழகி அப்படி ஆனாரா?

தங்கச்சிமடம்_அக்கா

இரண்டும் கலந்துதான் இருக்கும், பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது. மூச்சுப்பிடித்துக் குளிக்கிறவர்களைப் பரிசோதித்த ஆய்வுகள் நிறைய உண்டு. கரியமில வாயு ஏறினாலும் அவர்களின் உடம்பு மற்றவர்களைப் போல் அவசரப்பட்டு மூச்சைக் கூட்டுவதில்லை. பழக்கம் அந்த மணியைத் தாமதமாக அடிக்கவைக்கிறது. அதே நேரம், இயல்பிலேயே தாங்குகிறவர்கள்தான் அந்தத் தொழிலில் நிலைக்கிறார்கள் என்பதும் உண்மை. ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் 4 மாதக் குழந்தைகளுக்குப் புதிய சத்தம், புதிய பொம்மை காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒன்று கையைக் காலை உதறி அழுதது, ஐந்தில் இரண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அழுத வகையில் கூச்ச சுபாவம் கூடுதலாக வந்தது உண்மை. ஆனால் பெரும்பாலோர் வளர்ந்து நோயாளி ஆகிவிடவில்லை. பிறவிச் சுபாவம் எந்தப் பக்கம் சாயலாம் என்று சொல்லும், அதற்கு மேல் சொல்லாது.

உன் காக்காவோடு வாப்பா இறங்கித் தோளைத் தட்டி நடத்தியதைத்தான், நாங்கள் பிரிவில் வேறு விதமாகச் செய்கிறோம். படியில் ஏறி ஓடவைப்போம், நாற்காலியில் சுற்றவைப்போம், மெல்லிய ஸ்டிரா வழியாக மூச்சு விடவைப்போம். படபடப்பைத் தெரிந்தே வரவழைத்து, அது தானாக இறங்கும்வரை கூடவே உட்கார்ந்திருப்போம். பேனிக்குக்கு நன்றாகவே பலன் தருகிற முறை. பழைய பயம் மூளையில் அழிவதில்லை. "இது வந்தாலும் ஒன்றும் ஆகவில்லை" என்ற புதுப் பாடம் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் பதிந்து பழையதை அடக்கிவைக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா என்று உன் டாக்டரிடம் கேள். யூடியூப் பார்த்து நீயாக ஸ்டிராவை எடுக்காதே, முதல் தடவை ஆள் பக்கத்தில் வேண்டும்.

காக்காவுக்கும் ஒரு சேதி. இறங்குவதற்கு முன் சில பேர் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுப் போவார்கள். அதில் பிராணவாயு பெரிதாகக் கூடாது, கரியமில வாயுதான் குறையும். அப்புறம் உதை வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, கீழேயே மயங்கிவிடுவார்கள். அவருக்கு அந்த வழக்கம் இருந்தால் விடச் சொல்.

கீழக்கரை_இளையவன்

சொல்கிறேன் அக்கா. கடைசியாக ஒன்று. கடையில் உட்கார்ந்திருப்பதால் டீ நிறையப் போகிறது, கணக்கே இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மண்டபம்_பயோகெம்

உண்டு அண்ணே. டீயில் உள்ள காஃபின், மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருள் உட்காரும் இடத்தை (ஏற்பியை) அடைத்துக்கொள்கிறது. அந்த ஏற்பியின் ஒரு மரபு வடிவம் உள்ளவர்களுக்குக் காஃபினால் பதட்டம் கூடுதலாக வருவதை 2003-இல் ஒரு ஆய்வு காட்டியது. பேனிக் உள்ளவர்களுக்கு அதிக அளவு காஃபினே அட்டாக்கைக் கிளப்பும். டீயில் காபியை விடக் குறைவுதான், ஆனால் "கணக்கே இல்லை" என்றால் குறைவு இல்லை.

தங்கச்சிமடம்_அக்கா

ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. முக்கியமாகத் தைராய்டு பார்த்தார்களா? நீ எழுதியதில் அது இல்லை. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும், கையும் நடுங்கும். டிஎஸ்எச் ஒன்று, ஹீமோகுளோபின் ஒன்று எடுத்துவிடு. ரிப்போர்ட்டை இங்கே போட்டு ஆளாளுக்கு அர்த்தம் கேட்காதே, அடுத்த தடவை போகும்போது உன் டாக்டரிடம் காட்டு.

விசைப்படகு_டிரைவர்

சிஸ்டர், அந்த 14416-க்குக் கூப்பிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை கடலுக்குப் போக டோக்கன் போட வேண்டும், அதற்குள் முடிந்துவிடுமா?

தங்கச்சிமடம்_அக்கா

காலையிலேயே சீட்டுப் போட்டுவிடுங்கள் அண்ணே, மத்தியானத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் புதன்கிழமை கடலுக்குப் போகலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். குடியை நிறுத்துகிற முதல் நாட்களில் நடுக்கடலில் தனியாக வீல் பிடிக்க வேண்டாம். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர் மருந்து எழுதுவார்.